ரேஸுக்குப் போவது ஹாபிதானே..?

"மாசத்துல ரெண்டு நாள் ரேஸுக்குப் போறேன். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரு மனுஷனுக்கு இந்தப் பொழுதுபோக்குகூட இருக்கக் கூடாதா?"

இப்படிக் கேட்கும் கணவருக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் மனைவிகள் நிறைய. கேள்வியில் நியாயம் இருப்பது மாதிரியே தோன்றும். சினிமாவுக்குப் போனால் செலவில்லையா? ஓட்டலில் சாப்பிட்டால் பில் வராதா?

வாஸ்தவம்தான். ரேஸுக்குப் போகிற எல்லோருமே நோயாளிகள் இல்லை. ஐந்நூறு ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து, போனால் போகட்டும் என்று கையை உதறிவிட்டு வருகிறவர்களும் உண்டு. ஆனால், சினிமாவுக்குக் கொடுத்த காசை மீட்பதற்காக யாரும் அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுப்பதில்லை. ரேஸில் எடுக்கிறார்கள்!

"இது சூதாட்டமே இல்லீங்க, சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று சட்டம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். உண்மைதான். தமிழக அரசு 1974-ல் சட்டம் கொண்டுவந்து இந்தப் பந்தயத்தைத் தடுக்கப் பார்த்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், சுமக்கும் எடை, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாம் பார்த்துக் கணிக்க முடியும் என்பதால் இது திறமை சார்ந்த ஆட்டம் என்றது கோர்ட்.

சட்டத்துக்கு அது சரி. மூளைக்கு இந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. சொல்லப்போனால், 'திறமை' என்ற அந்த நினைப்பில்தான் வம்பே இருக்கிறது. லாட்டரியில் தோற்றவர் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்வார். ரேஸில் தோற்றவரோ, "கணக்கு கொஞ்சம் பிசகிடுச்சு, அடுத்த வாரம் சரி பண்ணிடலாம்" என்பார். பணம் கட்டிய குதிரை மூக்களவு வித்தியாசத்தில் இரண்டாவதாக வந்தால் தோற்ற மாதிரியே இருக்காது, 'கிட்டத்தட்ட ஜெயிச்சுட்டேன்' என்றுதான் மனசு பதிவு செய்துகொள்ளும். அந்தக் 'கிட்டத்தட்ட' ஒருவரை மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டு போகும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். டோட் கவுன்ட்டரில் எல்லோரும் கட்டிய பணம் ஒரே உண்டியலில் விழுகிறது. வரியும் கிளப்பின் கமிஷனும் போக மிச்சம்தான் ஜெயித்தவர்களுக்குப் பங்கு. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவிகிதம். அதுவும் லாபத்தின் மேல் அல்ல, கட்டும் பணத்தின் மேல். பெரிய தொகை ஜெயித்தால் 30 சதவிகிதம் வருமான வரி தனி. போன வாரம் தோற்றதை அதில் கழித்துக்கொள்ளவும் முடியாது. எத்தனை பெரிய நிபுணராக இருந்தாலும் இதையெல்லாம் தாண்டி ஜெயிக்க வேண்டும்!

சரி, ஹாபி எப்போது வியாதியாகிறது?

எவ்வளவு பணம் போச்சு என்பதை வைத்து இதைச் சொல்ல முடியாது. 1997-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இரண்டே கேள்விகளில் ஒரு சோதனையைக் கொடுத்தார்கள். மேலும் மேலும் அதிகப் பணம் கட்ட வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறோம் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டாக்டரிடம் பேசிப் பார்ப்பது நல்லது. பத்தாயிரம் தோற்றுவிட்டு வீட்டில் வந்து சொல்கிறவரைவிட, ஆயிரம் தோற்றுவிட்டு ஆபீஸில் ஓவர்டைம் என்று கதை விடுகிறவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும்.

குடி, போதைப்பழக்கம் இருக்கும் வரிசையிலேயே 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இதையும் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. ஆட முடியாத நாளில் எரிச்சல், தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு எல்லாம் வரும். 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து கிண்டி ரேஸ் மைதானத்துக்கு அரசு சீல் வைத்தபோது, 'அப்பாடா' என்று பெருமூச்சு விட்ட வீடுகள் இருந்திருக்கும். ஆனால், பழக்கம் முற்றியவருக்கு மைதானம் தேவையில்லை. ஒரு போன் போதும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. வாழ்நாள் முழுக்க சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத அப்பா, அறுபது வயதுக்கு மேல் திடீரென்று ரேஸ் புத்தகமும் கையுமாக அலைகிறாரா? பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்கு அடக்க முடியாத சூதாட்ட ஆசையைக் கிளப்பிவிடும். கால் குடைச்சலால் ராத்திரி தூங்க முடியாதவர்களுக்கும் இதே மருந்துகளைக் கொடுப்பதுண்டு. டாக்டர் அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் ஆசை அடங்கிவிடும். "இந்த வயசுல புத்தி போற போக்கைப் பாரு" என்று அவரைக் கரித்துக்கொட்டிப் புண்ணியமில்லை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்தினால் அது வேறு ஆபத்து.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? நகையை அடகு வைத்துக் கடனை ஒரேயடியாக அடைத்துவிட்டு, "இதுதான் கடைசி" என்று சத்தியம் வாங்குவதுதான் நம் வழக்கம். கடன் தீர்ந்த நிம்மதியில் புதுக்கடன் வாங்கத் தெம்பு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்! முதலில் சம்பளக் கணக்கு, ஏ.டி.எம். கார்டு, போனில் பணம் அனுப்பும் வசதி எல்லாம் மனைவியின் பொறுப்புக்கு வரட்டும். கடனைத் தவணையில் அவரே அடைக்கட்டும். மனநல மருத்துவரிடம் பேச்சு சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் மாத்திரையும் கொடுப்பார்.

கடன் வெளியே தெரிந்துவிட்ட முதல் சில நாட்கள் மிகவும் ஜாக்கிரதை. அவமானத்தில் தற்கொலை எண்ணம் வருவது இந்த நோயில் சகஜம். சண்டையை ஒத்திப்போடுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். அரசின் டெலி-மனஸ் மனநல உதவி எண் 14416, ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும், தெரிந்த வரைக்கும் கடன் கணக்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.