கடல்நீர் மீன்தொட்டிகளில் பாசித் தொல்லையும் அதை ஒழிக்கும் முறையும்

மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனவிருத்தி செய்யும் முறையைக் கற்பித்து வந்திருப்பதால், கடலோரக் கிராமங்களில் அழகுமீன் வளர்ப்பு ஓர் உபதொழிலாக இருந்து வருகிறது. வேடிக்கைக்காக வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்போரும் உண்டு. இவ்விரு சாராருக்கும் பொதுவான தொல்லை பாசியாகும். அது சில வாரங்களில் கண்ணாடியையும் கற்களையும் மூடிவிடுகிறது. சுரண்டி எடுத்தாலும் மீண்டும் முளைக்கிறது.

பாசி வளரக் காரணம்

பாசியும் ஒருவகைப் பயிரே. எருவும் வெளிச்சமும் உள்ள இடத்தில் அது வளர்ந்தே தீரும். மீனின் கழிவும், தின்னாது எஞ்சிய தீனியும் அழுகி, தழைச்சத்தாகிய நைட்ரேட்டாகவும் மணிச்சத்தாகிய பாஸ்பேட்டாகவும் மாறுகின்றன. ஆகவே எருவைக் குறைக்காமல் பாசியை மட்டும் சுரண்டுவது, களையின் வேரை விட்டுத் தலையைக் கிள்ளுவதற்கு ஒப்பாகும்.

கிணற்று ஜலத்தால் வரும் கேடு

தொட்டியில் ஆவியாகிப் போவது நல்ல ஜலம் மாத்திரமே, உப்பு தங்கிவிடும். ஆதலால் குறைவை நல்ல ஜலத்தாலேயே நிரப்ப வேண்டும். ஆனால் உரமிட்ட வயல்களின் நடுவிலுள்ள கிணற்று ஜலத்தில் நைட்ரேட் கலந்திருப்பதுண்டு. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட் அநுமதிக்கப்படுகிறது. 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 4 லிட்டர் ஆவியாவதாகக் கொண்டால், 30 நாட்களில் 120 லிட்டர் ஊற்ற நேரும். அத்துடன் சேருவது 5,400 மில்லிகிராம் நைட்ரேட். அதாவது தொட்டியில் லிட்டருக்கு 27 மில்லிகிராம் உயரும். குடிப்பதற்கு ஏற்ற ஜலமும் தொட்டிக்கு உரமாகிவிடுவது இதனால் விளங்கும். சவ்வூடு வடிகட்டிய ஜலமே உத்தமம். அது கிடையாதவிடத்து, முதல் மழையை விட்டுவிட்டு, பின்பு பெய்யும் மழைநீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாத்திரத்தில் பிடித்துக் கொள்ளலாம். செம்புப் பாத்திரமும் துத்தநாகத் தகட்டுக் கூரையும் ஆகா.

வகையறிதல்

புதிய தொட்டியில் முதல் வாரங்களில் படியும் பழுப்பு நிறப் பொடி, மணற்சத்தை உண்டு வளர்வது. அச்சத்துத் தீர்ந்ததும் பெரும்பாலும் தானே அடங்கும். பச்சை மயிர் போல் நீளும் பாசி எரு மிகுந்ததற்கு அறிகுறி. செந்நிறமாய்ப் போர்வை போல் மூடுவது உண்மையில் பாசியன்று. நெல் வயலுக்கு உரமாக இடும் நீலப்பச்சைப் பாசியின் இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிராகும். ஜலம் அசையாத மூலைகளில் அது அதிகம் காணும். அவ்விடங்களில் நீரோட்டத்தை மிகுவித்து, குழாயால் உறிஞ்சி அகற்ற வேண்டும்.

செய்ய வேண்டுவன

1. சில நிமிஷங்களில் மீன்கள் தின்று தீர்க்குமளவே தீனி இடுக. எஞ்சியதை உடனே எடுத்துவிடுக.

2. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு ஜலத்தை அடியிலுள்ள கசடுடன் வாங்கி, ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள புதிய கடல்நீரை விடுக.

3. நேர் வெயில் படாத இடத்தில் தொட்டியை வைத்து, விளக்கை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் எரியவிடாதிருக்க.

4. நீண்ட பாசியைக் கையால் பறித்து வெளியேற்றுக. பாசி மேயும் கடல் நத்தைகளையும் விடலாம்.

5. பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும், பாஸ்பேட் 0.1 மில்லிகிராமுக்கும் மேற்படாமல் பார்த்து வருக. இவை அறவே இல்லாமற் போவதும் நல்லதன்று. அந்நிலையில் வேறுவிதப் பழுப்புச் சளி தோன்றக்கூடும்.

பாசியைக் கொண்டே பாசியை அடக்கும் முறையும் உண்டு. அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையின் கடற்பாறைத் தொட்டிக்கு 1980-இல் வால்டர் ஏடி என்பவர் இம்முறையைக் கையாண்டார். பக்கத்துத் தட்டில் வலை விரித்து, வெளிச்சம் கொடுத்து, அங்கே பாசியை வளரவிட்டு அடிக்கடி அறுவடை செய்தால், எருச்சத்து அதனுடன் வெளியேறிவிடும்.

செய்யத் தகாதவை

வயற்பாசிக்கு இடும் மயில்துத்தத்தைத் தொட்டியில் ஒருபோதும் இடலாகாது. அதிலுள்ள செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும். சுண்ணாம்புக் கற்களில் தங்கிப் பின்பும் கசிந்து கெடுதி செய்யும். ஒருங்கே மடிந்த பாசியோ அழுகிப் பிராணவாயுவைக் குறைப்பதுடன், தான் தின்ற எருவை மீண்டும் ஜலத்திலேயே விடும்.

பறித்த பாசியைக் கால்வாயிலோ கழிமுகத்திலோ எறிவதும் பெருந்தீங்கு. காட்சித் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட காலெர்ப்பா என்னும் பாசி 1984-இல் மொனாக்கோ கடற்கரையில் காணப்பட்டு, மத்தியதரைக் கடலில் வெகுதூரம் பரவியது. 2000-இல் கலிபோர்னியாவிலும் அது காணப்பட்டது. முற்றும் ஒழிந்ததென்று 2006-இல்தான் அறிவிக்க முடிந்தது. ஆதலின் அகற்றிய பாசியை வெயிலில் நன்றாய் உலர்த்திப் புதைத்துவிடுக. கடலோரக் கிராம அதிகாரிகளும் இதனை மீன் வளர்ப்போருக்கு எடுத்துரைத்தல் அவசியம்.

மேற்சொன்னவற்றை விடாது செய்து வந்தால் பாசி படிப்படியாகக் குறையும். மருந்தால் ஒரே நாளில் அழிக்க முயல்வோருக்குப் பெரும்பாலும் மீன் நஷ்டமே மிஞ்சும்.