இரிட்டேட்டட், இரிட்டேட்டிங் (சொல் பயன்பாடு)

இரிட்டேட்டட் என்பது சிறு எரிச்சலுக்கு ஆளானவரின் மனநிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். கோபம் என்னும் அளவுக்குப் போகாத, சற்று நேரத்தில் தணிந்துவிடக்கூடிய உணர்வு இது. இதன் இணைச்சொல்லான இரிட்டேட்டிங் என்பது எரிச்சலை உண்டாக்கும் ஆளையோ பொருளையோ குறிக்கும். தமிழ்வழியில் படித்து ஆங்கிலம் பேசப் பழகுவோர் இவ்விரண்டையும் அடிக்கடி மாற்றிப் பயன்படுத்துகின்றனர்.

பொருள்

தூண்டுதல், சினமூட்டுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்த இரிட்டேட் என்னும் சொல், உடலுக்கும் மனத்துக்கும் பொதுவானது. தமிழில் எரிச்சலும் அப்படியே. பெரம்பலூர் மாவட்டத்தில் விளையும் சின்ன வெங்காயத்தை அரியும்போது கண் எரிகிறது. அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகள் கிளப்பும் புழுதியாலும் கண் எரிகிறது. இரண்டுக்கும் இரிட்டேட் பொருந்தும். முந்திச் செல்ல வழியின்றி அந்த லாரியின் பின்னால் ஊர்ந்து போகிறவரின் மனநிலைக்கும் அதே சொல்தான். வயிற்றுக்கடுப்பில் உள்ள கடுப்பு, "கடுப்பேத்தாதே" என்னும் பேச்சு வழக்குக்கு வந்ததும் இதே வகை மாற்றமே.

பிழையும் காரணமும்

"எனக்கு எரிச்சலாக இருக்கிறது" என்று சொல்ல நினைப்பவர் "ஐ ஆம் இரிட்டேட்டிங்" என்று சொல்லிவிடுகிறார். கேட்பவருக்கு அது "நான் பிறரை எரிச்சலூட்டும் ஆள்" என்றே விளங்கும். வேலைக்கான நேர்காணலில் இப்படிச் சொல்பவர், தன்னைப் பற்றித் தானே குறை சொன்னவர் ஆகிவிடுவார்.

இது கவனக்குறைவால் மட்டும் வருவதன்று. "போய்க்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு "ஐ ஆம் கோயிங்" என்று பள்ளியில் பழகியதால், "இருக்கிறேன்", "இருக்கிறது" என்று முடியும் எதற்கும் "இங்" சேர்க்கத் தோன்றுகிறது. மேலும் தமிழில் எரிச்சல் "எனக்கு" வருகிறது. ஆங்கிலத்தில் உணர்பவரே எழுவாயாக நிற்கிறார். எனவே எரிச்சல் அடைந்தவருக்கு "டட்", எரிச்சல் தருவதற்கு "டிங்" என்று கொள்ளலாம். பேருந்து ஊருக்குள் வராமல் புறவழிச்சாலையிலேயே இறக்கிவிட்டால், அந்த நடைமுறை இரிட்டேட்டிங். மூட்டையுடன் இறங்கி நடக்கும் பயணி இரிட்டேட்டட். போரிங், போர்ட்; டயரிங், டயர்ட் ஆகிய இணைகளுக்கும் இதே விதிதான்.

ஒருவர் மீது எரிச்சல் என்றால் "வித்", ஒரு செயலால் என்றால் "பை" அல்லது "அட்" சேர்ப்பது வழக்கம். அனாயிட் என்னும் சொல்லையும் இப்படியே ஆளலாம்.

டென்ஷன்

தமிழ்ப் பேச்சில் "டென்ஷன் பண்ணாதே" என்பது எரிச்சலையே குறிக்கிறது. ஆங்கிலத்தில் டென்ஷன் என்பது இறுக்கம், பதற்றம், எரிச்சல் அன்று. தமிழுக்குள் அது தமிழ்ச்சொல் போலவே வேலை செய்வதால் அங்கே திருத்த வேண்டியதில்லை. ஆனால் "ஐ ஆம் டென்ஷன்" என்பது ஆங்கிலத்தில் வாக்கியமாகாது. பதற்றத்துக்கு டென்ஸ், எரிச்சலுக்கு இரிட்டேட்டட்.

நிறுவனத்துக்கோ அலுவலகத்துக்கோ எழுதும் புகார்க் கடிதத்தில் இரிட்டேட்டட் சற்றுச் சிடுசிடுப்பாகத் தொனிக்கும். அங்கே டிஸப்பாயின்டட் என்று எழுதி, நடந்ததைத் தேதியுடன் சொல்வதே வழக்கம்.