தரிப்பிடம் என்னும் சொல்

‘நிலையம்’, ‘தரிப்பிடம்’ என்னும் இரு சொற்களையும் ஒன்றாகவே வழங்கிப் பழகிவிட்டோம். தரித்தல் என்றால் நின்று தங்குதல். வண்டி நில்லாத இடம் தரிப்பிடம் ஆகுமா?

இங்கிலாந்தில் இது பெரும் பிணக்காகவே எழுந்தது. நோர்போக் பகுதியில், கிரேட் யார்மத் நகருக்கு அண்மையில், சதுப்புப் புல்வெளி நடுவே பேர்னி ஆம்ஸ் என்ற சிறிய புகையிரத நிலையம் உண்டு. அங்கு செல்லத் தெருவே இல்லை. 1844இல் திறக்கப்பட்ட அந்தப் பாதைக்கு நிலம் விற்ற தோமஸ் ட்ரென்ச் பேர்னி, தம் நிலத்தில் என்றென்றும் ஒரு நிலையம் இருக்கவேண்டும் என நிபந்தனை விதித்தார். கம்பனியும் அமைத்தது. சில ஆண்டுகளிலேயே வண்டிகள் நில்லாமல் ஓடத் தொடங்கின. நிலையம் அமைக்கத்தான் ஒப்பந்தம், வண்டி நிறுத்த அல்ல என்பது கம்பனியின் வாதம். நெடிய இழுபறியின் பின்னரே வண்டிகள் மீண்டும் தரித்தன.

இன்று அங்கே ஏறுபவர் சாரதிக்குக் கைகாட்ட வேண்டும். இறங்குபவர் முன்கூட்டியே காப்பாளரிடம் சொல்ல வேண்டும். ஒரேயொருவர் கேட்டாலும் வண்டி நிற்கும். கேட்பாரில்லையேல் கடந்து போகும்.

வகுப்பில் ஒருபொருட் பன்மொழி கற்பிக்கும்போது இதை நான் எடுத்துக்கூறுவதுண்டு. அகராதியில் ஒத்துநிற்கும் சொற்கள் வாழ்க்கையில் ஒத்துநிற்பதில்லை. ஒன்று கட்டடத்தைச் சொல்கிறது; மற்றது மனிதருக்காக நிற்பதைச் சொல்கிறது. அந்தப் பழைய ஒப்பந்தத்தில் விடுபட்டது இரண்டாவது சொல்லே.