வலிப்பு நோயும் மருந்தும் ஆயர் பணியும்

வலிப்பு நோயுற்றோரைப் பேய் பிடித்தோர் எனக் கருதுவோர் நம் சபைகளில் இன்றும் உளர். மருந்துண்பது விசுவாசக் குறைவு என்று போதிப்போரும் உளர். இப்போதனை உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும். ஆகவே நோயிலும் மருந்திலும் நிகழ்வது யாது என நாம் அறிதல் வேண்டும்.

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்துடிப்புகளால் செயற்படுகின்றன. ஜெர்மனியின் யேனா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். கண்மூடி அமைந்திருப்பவரிடம் வினாடிக்கு 8 முதல் 13 அலைகள் தோன்றும். வலிப்பின்போதோ திரளான நரம்பணுக்கள் கட்டுமீறி ஒருமித்துத் துடிக்கின்றன. சில சிறுவர் வீழ்வதில்லை. சில வினாடிகள் நினைவிழந்து வெறித்து நோக்குவர். அவ்வேளை வினாடிக்கு ஏறத்தாழ 3 முறை கூர்முனையும் அலையும் மாறிமாறி வரும். எத்தோசக்ஸிமைடு என்னும் மருந்தால் அவ்வலைகள் அடங்கும்போது, வெறித்த பார்வையும் நீங்குகிறது.

1912-இல் வழக்கிற்கு வந்த பீனோபார்பிட்டால், நரம்பணுக்களின் எழுச்சியைத் தணிக்கும் இயற்கை ஆற்றலை வலுப்படுத்துகிறது. 1938-இல் வந்த பெனிட்டோயின், சோடியம் அயனிகள் நுழையும் வாயில்களைத் தடுத்து மிகைத்துடிப்பை அடக்குகிறது. மருந்து நடத்தையையும் மாற்றலாம். பீனோபார்பிட்டால் சிலருக்கு மயக்கமும் சோர்வும் தரும். சிறுவர் சிலருக்கு அமைதியின்மையும் எரிச்சலும் உண்டாக்கும். இவை பாவத்தின் விளைவுமல்ல, ஆவியின் செயலுமல்ல. மருத்துவரிடம் கூறி அளவையோ மருந்தையோ மாற்றத்தக்கவை. ஆனால் மருந்தைத் திடீரென நிறுத்தினால், அதற்குப் பழகிய மூளையில் ஓயாத வலிப்பு எழுந்து மரணமும் நேரலாம்.

மத்தேயு 17-ஆம் அதிகாரத்துச் சிறுவனின் துன்பத்தில் பிசாசும் பேசப்படுகிறதே என்று வினவலாம். ஆயின் அதே மத்தேயு 4:24-இல் பிசாசு பிடித்தோரையும் சந்திரரோகிகளையும் தனித்தனியே எண்ணுகிறார். எனவே ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு எல்லா நோயாளரையும் பேய் பிடித்தோராக்குவது வேதத்திற்கு இசைந்த விளக்கமன்று. லூக்காவை மருத்துவர் எனவே கொலோசெயர் 4:14 அன்புடன் குறிப்பிடுகிறது. மின்னலை வரைவு மூளையின் இயக்கத்தைக் காட்டுமேயன்றி, கடவுளின் சாயலான மனிதனின் மதிப்பை அளவிடாது.

ஆகவே ஆயர்கள் நோயாளருக்காக ஊக்கமாய் ஜெபிப்பார்களாக. மருந்தை நிறுத்துமாறு ஒருபோதும் கூறாதிருப்பார்களாக. ஆராதனையில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், கையில் இரும்பு கொடுக்காமல் காத்தல் வேண்டும். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும். இதுவும் திருப்பணியே.