சாலையில் எத்தனை பேர்?

யாருடைய சாலை? – 7

டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்குச் சாலையின் நடுவே பேருந்துகளுக்கென்று தனித்தடம் ஒதுக்கி, 2008 ஏப்ரலில் திறந்துவிட்டார்கள். பி.ஆர்.டி. என்று பேர் பெற்ற அந்தத் தடத்தை 2016 ஜனவரியில் அரசே இடிக்கத் தொடங்கியது. போட்டதும் பெயர்த்ததும் தலைநகரத்தின் கதைதான். ஆனால் அந்தச் சண்டையின் அடியில் கிடந்த கேள்வி, கடலூரில் தேவனாம்பட்டினம் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர் வரைக்கும் வந்து சேரும். ஒரு சாலை ஒழுங்காக ஓடுகிறதா என்பதை அதில் போகும் வண்டிகளை எண்ணிச் சொல்வதா, ஆட்களை எண்ணிச் சொல்வதா? ஆட்களைத்தான் எண்ண வேண்டும் என்பதே இந்த வாரத்தின் வாதம். இது புதுக் கோரிக்கையும் இல்லை. மத்திய அரசின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலை இடத்தைப் பகிரும்போது வாகனங்களைவிட மக்களையே முதலில் பார்க்க வேண்டும் என்று 2006-லேயே எழுதி வைத்திருக்கிறது.

டெல்லியில் தடம் திறந்த நாள் முதலே எதிர்ப்பு கிளம்பியது. சிராக் டெல்லி சிக்னலில் கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. காருக்குள் உட்கார்ந்து பார்த்தவருக்குப் பக்கத்துத் தடம் வெறிச்சோடிக் கிடந்தது. நாம் நெரிபடும்போது இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்ற கோபம் இயல்பானது. ஆனால் அதன் கணக்கு தப்பு. நிமிடத்துக்கு ஒரு பேருந்து, ஒவ்வொன்றிலும் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 3,600 பேர். ஒரு பேருந்து கண்ணெதிரே கடந்துபோக நாலைந்து விநாடி போதும். மிச்ச ஐம்பத்தைந்து விநாடியும் தடம் காலியாகத்தான் தெரியும். பக்கத்துத் தடத்தில் மணிக்கு ஆயிரம் கார் போகிறது, காருக்குச் சராசரி ஒன்றரை ஆள் என்றால் மொத்தம் 1,500 பேர். நிரம்பித் தெரியும் தடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்களைக் காலியாகத் தெரியும் தடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. டெல்லித் தடத்திலும் வண்டிக் கணக்கில் பேருந்துகள் சொற்பம். ஆள் கணக்கில் ஏறக்குறைய பாதி.

2012-ல் விவகாரம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு தடத்துக்குப் பாதகமாக வந்தது. ஆனாலும் தடத்தை எதிர்த்த மனுவை அக்டோபரில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகும் தடம் நிலைக்கவில்லை. கார் வைத்திருப்பவருக்குப் பத்திரிகைக்கு எழுத நேரம் உண்டு, வழக்கு போட வசதி உண்டு, அமைச்சரைப் பார்க்க ஆள் உண்டு. பேருந்தில் போகிறவர் அந்த நேரத்தில் பேருந்தில் இருக்கிறார். விவாதம் நடந்த இடங்களில் அவர் இல்லாததால், அவருக்காகப் போட்ட தடத்தைக் காக்கவும் ஆள் இல்லை.

திட்டத்தில் பழுதே இல்லையா என்று கேட்டால், இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நிறுத்தம் நடுச்சாலையில் இருந்ததால் பயணிகள் ஓடும் வண்டிகளுக்கு இடையே குறுக்கே கடக்க வேண்டியிருந்தது. ஒரு பேருந்து பழுதாகி நின்றால் பின்னால் வந்தவை எல்லாம் நின்றன. டெல்லியைப் போலவே போபாலிலும் 2024-லிருந்து தனித்தடத்தை அகற்றினார்கள். இந்தூர் தடத்தை அகற்ற 2025 பிப்ரவரியில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் வழிவிட்டது. இத்தனை ஊர்கள் கைவிட்ட பிறகும் இந்த யோசனை எதற்கு என்ற கேள்விக்கு அகமதாபாத் பதில் வைத்திருக்கிறது. ‘ஜன்மார்க்’ என்று பெயரிட்டு 2009 அக்டோபரில் திறந்த அந்தத் தடத்தில், முறைப்படி திறக்கும் முன்பே பேருந்தை ஓட்டிக்காட்டி மக்களை ஏற்றிப் பழக்கினார்கள். பிரேசிலின் குரிச்சிபா 1974-லிருந்தும், கொலம்பியாவின் பொகோட்டா 2000-லிருந்தும் தனித்தடத்தில்தான் பேருந்தை ஓட்டுகின்றன. மெட்ரோ போட்டால் போதாதா என்பார்கள். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 118.9 கிலோமீட்டருக்கு மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு 530 கோடிக்கு மேல். கடலூர் அளவுள்ள ஊருக்கு மெட்ரோ வராது. வரப்போவது பேருந்து ஒன்றுதான்.

இனி கடலூருக்கு வருவோம். தேவனாம்பட்டினம் என்றதும் வெளியூர்க்காரருக்கு சில்வர் பீச் நினைவுக்கு வரும். அங்கே மீனவர் குடியிருப்பும் பெரியார் அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. அந்தத் தடத்துப் பேருந்தில் மீன் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறவரும், தோளில் பையோடு படிக்கட்டில் தொங்குகிறவரும் சேர்ந்தே போகிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனால் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் ஆட்டோவுக்கும் நிறுத்திவைத்த காருக்கும் நடுவில் பேருந்து சிக்கினால், மிச்சமான காசு நேரமாகக் கழிந்துவிடுகிறது. சந்தைக்கு மீன் தாமதமாகப் போனால் விலை விழும். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. பேருந்து நிலையத்தை எம்.புதூருக்குக் கொண்டுபோகும் யோசனைக்கு ஊரில் எழுந்த எதிர்ப்பையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். சிதம்பரத்திலிருந்து வருகிறவரும் தேவனாம்பட்டினத்துக்குப் போகிறவரும் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டியிருக்கும் என்பதே அங்கே முதல் கேள்வி.

நம் சாலை குறுகல், தனித்தடத்துக்கு இடம் எங்கே என்பது நியாயமான ஆட்சேபம். நிமிடத்துக்கு ஒரு பேருந்து ஓடாத சாலைக்கு முழுத் தடம் தேவையும் இல்லை. நிறுத்தத்துக்கு முன்னும் பின்னும் வண்டி நிறுத்தத் தடை, நெரிசல் முனைகளில் பேருந்துக்கு முதல் வழி, காலையும் மாலையும் அதை நடைமுறைப்படுத்த ஆள் ஆகியவை போதும். வாசலில் வண்டி நிறுத்த இடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சலாம். லாரன்ஸ் ரோடு கடைவீதியாகச் செழித்ததற்குப் பக்கத்திலுள்ள ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் பெரிய காரணம். அங்கே வாங்க வருகிறவர்களில் எத்தனையோ பேர் பஸ்ஸில் இறங்கி நடந்து வருகிறவர்கள். இரு சக்கர வண்டிக்காரர்களும் பணக்காரர்கள் இல்லையே என்பார்கள். உண்மை. அவர்களில் பலர் பஸ் நேரத்துக்கு வராததால் கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள். பஸ் நேரத்துக்கு வந்தால் முதலில் பயன்பெறுவது அவர்கள் குடும்பம்தான்.

ஆகவே மாநகராட்சிக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் இரண்டு வேண்டுகோள். சாலை பற்றியோ பேருந்து நிலையம் பற்றியோ கருத்துக் கேட்பதானால் கலெக்டர் ஆபீசில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போடாதீர்கள்; அந்த நேரத்தில் பஸ் பயணி வேலையில் இருப்பார். பஸ் ஸ்டாண்டிலேயே மாலையில் கேளுங்கள். அதற்கு முன்னால் காலை எட்டு முதல் பத்து வரை முக்கிய முனைகளில் எண்ணிப் பாருங்கள். வண்டிக்கு ஒரு பத்தி, ஆளுக்கு ஒரு பத்தி. பெரியார் கல்லூரி மாணவர்களிடம் நோட்டைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் முடித்துத் தருவார்கள். அந்த இரண்டாவது பத்தியைப் பார்க்காமல் இந்த ஊரில் எந்தச் சாலையைப் பற்றியும் முடிவெடுக்கக் கூடாது.

(தொடரும்)