வலிக்காத மரு, தடுக்கும் வெட்கம்

தாராவியை ஒட்டியே மாநகராட்சியின் சயான் மருத்துவமனை உள்ளது. ஆயினும் பிறப்புறுப்பில் மரு என்றால் அங்கு செல்லப் பெண்கள் பலர் வெட்கப்படுகின்றனர்.

தோல் நிறத்தில் காலிஃபிளவர் போலக் கொத்தாக எழும் இம்மரு பெரும்பாலும் வலிப்பதில்லை, அரிப்பு இருக்கலாம். கருப்பை வாயில் தோன்றினால் கண்ணுக்கே தெரியாது. காரணம், ஹெச்.பி.வி. வைரஸின் 6, 11 வகைகள். தொற்றிப் பல மாதங்கள் கழித்தும் மரு தோன்றும் என்பதால், கணவனோ மனைவியோ ஒருவரையொருவர் சந்தேகிப்பது வீண்.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் 16, 18 போன்ற வேறு வகைகள். டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் மும்பை குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே வினிகர் தடவிச் சோதித்தனர். இப்புற்றுநோய் மரணங்கள் 31 சதவீதம் குறைந்ததாக 2013-இல் அறிவிக்கப்பட்டது.

2023-இல் அறிமுகமான செர்வாவாக் தடுப்பூசி இந்நான்கு வகைகளையும் தடுக்கும். வந்துவிட்ட மருவைப் போக்காது.