எண் மாறட்டும், பெயர் நிலைக்கட்டும்

ஊத்துக்கோட்டையில் பலத்த காற்று அடித்தாலே கரண்ட் போய்விடுகிறது. திரும்பி வந்ததும் எங்கள் வீட்டு ரவுட்டர் சில சமயம் கருவிகளின் ஐ.பி. எண்களை மாற்றிக் கொடுக்கிறது. 192.168.1.5 ஆக இருந்த கம்ப்யூட்டர் 192.168.1.8 ஆகிவிடும். அதில் இருக்கும் கணக்கு ஃபைலை மாடியிலிருக்கும் தங்கையின் லேப்டாப் பழைய எண்ணிலேயே தேடும்.

எண்ணை நம்பாமல் பெயரை நம்புவதே வழி. இணையம் இதை எப்போதோ கற்றுக்கொண்டது. ஒரு காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பெயர்களையும் ஒரே பட்டியலாக எலிசபெத் ஃபெயின்லரின் குழு கலிபோர்னியாவில் பராமரித்தது. பட்டியல் பெருத்துவிடவே, 1983இல் பால் மொக்கபெட்ரிஸ், பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார்.

வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. கம்ப்யூட்டருக்கு இடைவெளியில்லாமல், 15 ஆங்கில எழுத்துக்குள் பெயர் வையுங்கள். ஒரே பெயரை இரண்டுக்கு வைக்காதீர்கள். அந்தப் பெயரோடு 'புள்ளி லோக்கல்' சேர்த்தால், மற்ற கருவிகள் வீட்டுக்குள்ளேயே கேட்டுக் கண்டுபிடிக்கும். இம்முறை 2013இல் தரநிலையானது.

பழைய பிரிண்டர்கள் சில இதற்குப் பதில் சொல்லாது. அவற்றுக்கு ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதிக்குப் போய், கருவியின் அடையாளமான மேக் அட்ரஸைக் கொடுத்து எண்ணை நிரந்தரமாக்க வேண்டும். போனுக்கும் எண் ஒதுக்குவதானால் கவனம்: 2020இல் வந்த iOS 14 முதல் ஐபோன்கள் உண்மையான மேக் அட்ரஸை மறைக்கின்றன. வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிடலாம்.